முதல் ரெஸ்யூமே: மாணவர்கள் தாங்கள் செய்ததை எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுப்புக் கடிதம் எழுதப் பழக்கும் பள்ளிகளில் பல, ரெஸ்யூமே (வேலைக்கும் பயிற்சிக்கும் அனுப்பும் தன்விவரத் தாள்) எழுதக் கற்றுத்தருவதில்லை. விடுமுறைக்கால வேலை, பயிற்சி, உதவித்தொகை என்று விண்ணப்பிக்கும் நேரம் வந்ததும் மாணவர்கள் இணையத்திலிருந்து ஒரு டெம்ப்ளேட்டை இறக்கிக்கொள்கிறார்கள். பல ஆண்டுகள் வேலை பார்த்தவருக்காகப் போட்ட படிவம் அது. 'பணி அனுபவம்' பகுதி வெறுமையாக நிற்கிறதே என்று 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர்' என நிரப்பிவிடுகிறார்கள். திருத்தித்தரச் சொல்லி எங்களிடம் வருகிற தாள்களில் பெரும்பாலானவற்றில் இதே சொற்கள்தான் இருக்கின்றன. படிப்பவருக்கு இவற்றால் ஒன்றும் தெரியவருவதில்லை.

எழுத ஒன்றுமில்லை என்று சொல்லும் மாணவரிடமும் விஷயம் இருக்கும். டெம்ப்ளேட்டைத் திறப்பதற்கு முன் ஒரு வெற்றுத் தாளில், கடந்த மூன்று ஆண்டுகளில் செய்தவை எல்லாவற்றையும் அரை மணி நேரம் உட்கார்ந்து கிறுக்கட்டும். விளையாட்டு அணி, நூலகப் பொறுப்பு, அறிவியல் கண்காட்சி, வீட்டுக் கடையில் உதவியது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, நோயுற்ற பாட்டிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தது என எதையும் அற்பம் என்று தள்ள வேண்டாம். பிறகு ஒவ்வொன்றின் கீழும் நான்கு கேள்விகள்: என்ன செய்தேன், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதனால் என்ன ஆனது?

'பொறுப்புணர்வு மிக்கவர்' என்ற வரி அப்போது இப்படி மாறும்: 'பள்ளி நூலகத்தில் வாரம் 2 மணி நேரம், 8 மாதங்கள், திரும்பி வந்த புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றி அடுக்கியது.' 'கடையில் உதவினேன்' என்பது, 'மாலை வேளையில் ரசீது போட்டது, இரவு கல்லாக் கணக்கைச் சரிபார்த்தது, தீர்ந்துபோகும் சரக்கைக் குறித்துவைத்தது' என்று விரியும். பொறுப்பு என்ற சொல்லே வராமல் பொறுப்பு தெரிகிறது. எண்ணிக்கை நினைவில்லை என்றால் 'சுமார்' போடலாம். கற்பனையாக ஓர் எண்ணைப் போடக் கூடாது. நேர்காணலில் இரண்டு நிமிடம் விளக்கிப் பேச முடியாத எந்த வரியும் தாளில் இருக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித்தரும் அலங்கார வாக்கியங்கள் மாணவர்களை மாட்டிவிடுவது இங்கேதான். தாளில் உள்ள சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதும் பிள்ளை திணறிப்போகிறது.

அமைப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஏ4 தாளில் ஒரே பக்கம், நான்கு புறமும் 2 செ.மீ. ஓரம், 11 அல்லது 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து. மேலே பெயர், ஊர், தொலைபேசி, மின்னஞ்சல்; அடுத்து படிப்பு (எந்த ஆண்டு முடியும் என்பதோடு); பிறகு செயல்பாடுகள், அண்மையது முதலில், மாதமும் ஆண்டும் சேர்த்து; கடைசியில் திறன்களும் மொழிகளும். 'கம்ப்யூட்டர் தெரியும்' என்பதற்குப் பதில் எந்த மென்பொருளில் என்ன செய்யத் தெரியும் என்று எழுதட்டும். மொழிக்குப் பேச, படிக்க, எழுத எனத் தனித்தனியாகக் குறிக்கட்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுவதில் பொருளில்லை. அந்த அளவுகோல் போட்டவருக்கு மட்டுமே தெரியும்.

விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே படிக்கும் நிறுவனங்கள் உண்டு. பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவங்களையும் படத்துக்குள் பதித்த எழுத்துகளையும் அது தாறுமாறாகப் படிக்கும், அல்லது விட்டுவிடும். அச்செடுத்த தாளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினாலும் இதே கதிதான். தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல்: யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். யூனிகோடில் எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றி, கோப்புக்குத் தம் பெயரையே வைத்து அனுப்பட்டும்.

ஒரே தாளை எல்லா இடத்துக்கும் அனுப்புவது பெரிய இழப்பு. ஓவியர் லியொனார்டோ டா வின்சி 1482 வாக்கில் இத்தாலியின் மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில், தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள் என்று போருக்கு உதவும் திறன்களை முதலில் அடுக்கினார். ஓவியம் கடைசியில்தான் வருகிறது. மாணவரும் விளம்பரத்தில் கேட்டிருக்கும் மூன்று, நான்கு தேவைகளை அடிக்கோடிட்டு, அவற்றோடு பொருந்தும் வரிகளை மேலே ஏற்றட்டும். இதற்கு வரிசையை மாற்றினால் போதும். உண்மை அப்படியே இருக்கட்டும்.

பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். பிறந்த தேதி, வீட்டின் முழு முகவரி, அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை ரெஸ்யூமேயில் தேவையில்லை. அது யார் கைக்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை தர முன்பணம் கேட்பவருக்குப் பதிலே அனுப்ப வேண்டாம். பரிந்துரைப்பவராக உறவினரைப் போடாமல், மாணவரின் வேலையை நேரில் பார்த்த ஆசிரியரையோ பயிற்சியாளரையோ முன்கூட்டியே கேட்டு, அவர் விவரத்தைத் தனித்தாளில் வைத்திருந்து, கேட்டால் மட்டும் கொடுக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் அச்செடுத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாய்விட்டுப் படித்தால், கண் தாவிப்போகும் பிழைகள் அகப்படும். தாளில் உள்ள எண்ணைப் பார்த்தே ஒருமுறை அழைக்கட்டும். ஒரு இலக்கம் மாறியதால் கைநழுவிப் போகும் வாய்ப்பு யாருக்கும் தெரியாமலேயே போய்விடும்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், வேலை அனுபவமே இல்லாத பள்ளி மாணவரின் ஒரு பக்க மாதிரி ரெஸ்யூமேயை, திருத்தாததும் திருத்தியதுமாக அருகருகே வெளியிட வேண்டுகிறோம். தேர்வு முடிவுகள் வரும்வரை காத்திராமல், விடுமுறை தொடங்கும் முன்பே வந்தால் மாணவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
மாணவர் விண்ணப்பங்களைத் திருத்தித்தரும் பள்ளி ஆசிரியர்கள் சிலர்