ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

என்னைக் கடத்தியவர்கள் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்று வக்கீல் அக்கா நேற்று மாலை போன் செய்தார். வழக்கு இனிமேல்தான் ஆரம்பம், ரொம்பக் குதிக்காதே என்றும் சேர்த்துச் சொன்னார். சரி, குதிக்கவில்லை. இடைக்கால இழப்பீடும் கணக்கில் வந்திருக்கிறது. தீர்ப்புவரை காத்திருக்காமலே அதைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சந்தோஷத்தில் தூக்கம் வராமல் போய் எவ்வளவு காலம் ஆயிற்று! விடிவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது என்ன என்று உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். வேலை என்று நம்பிப் போனது, அந்த வீடு, என் படத்தைப் போட்டு ஆள் பிடித்தது எதையும் மறுபடி எழுதப் போவதில்லை. போலீஸில் சொன்னேன், மாஜிஸ்திரேட் அம்மாவிடம் சொன்னேன், இனி சாட்சிக் கூண்டில் சொல்வேன். அது போதும்.

நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது. கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

புகாரோடு சேர்க்க எல்லாவற்றையும் அச்செடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் டெலிகிராமில் போட்ட விளம்பரங்கள் லிங்க்கும் தேதியும் தெரியும்படி, வாட்ஸ்ஆப் பேச்சு, யு.பி.ஐ.யில் பணம் கைமாறிய ரசீதுகள். கோபத்தில் எதையும் டெலீட் செய்துவிடாதே, போனை மாற்றாதே என்று வக்கீல் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அன்று அவருக்கு வேறு வழக்கு. அச்செடுத்து வை, மதியம் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். ஸ்டேஷனுக்குப் போவதைவிட அந்தப் படங்களை ஒரு கடையில் கொடுப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆதாரம் கொண்டு வா என்று எளிதாகச் சொல்பவர்கள் வீட்டில் பிரிண்டர் இருக்கும் போலும்.

அண்ணன் வழக்கம்போல, "இந்த நம்பருக்கு வாட்ஸ்ஆப் பண்ணும்மா" என்றார். அனுப்பக் கை வரவில்லை. அப்படியே நின்றேன். என் கையில் இருந்த மனுவின் தலைப்பு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "கேபிள் இருக்கு, நீயே எடுத்துக்க. கலருக்கு இந்த மெஷின், சாதாவுக்கு அது. பேப்பர் மாட்டுச்சுன்னா குரல் கொடு." இவ்வளவுதான் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் ஸ்டூல் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களிடம் எல்லாம் மெஷின் ரிப்பேர் என்றார். ஒரு குமாஸ்தா, பத்திரம் அவசரம் என்று சண்டைக்கே வந்துவிட்டார். "அவசரம்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்க சார்."

பேப்பர் மாட்டத்தான் செய்தது. கூப்பிட்டேன். உள்ளே வந்தவர், தட்டில் கிடந்த தாள்களின் மேல் ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கவிழ்த்துவிட்டுத்தான் மெஷினைத் திறந்தார். சிக்கிக் கசங்கிய தாளைக் கூடையில் போடாமல், தலையைத் திருப்பிக்கொண்டு என் கையில் கொடுத்தார். கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் ஏறியிருந்ததை என்னையே அழிக்கச் சொன்னார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னார்.

காசு வாங்கிக்கொண்டார். கலருக்குப் பத்து ரூபாய், சாதாவுக்கு இரண்டு, சில்லறையாக இருக்கிறதா என்று வேறு கேட்டார். அதற்குத் தனியாக ஒரு நன்றி அண்ணே. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அந்த வீட்டில் இருந்தவரை என்னை யார் யாரோ பார்த்தார்கள். வெளியே வந்த பிறகும் அது நிற்கவில்லை. உதவுகிறேன் என்று வந்தவர்களிலேயே சிலர், வீடியோவைக் காட்டினால்தானே என்னவென்று தெரியும் என்றார்கள். நான் முதலில் போன ஸ்டேஷனில் என் போன் மேசைக்கு மேசை போய்விட்டு வந்தது. அப்புறம், சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கு வந்தது. அவருடைய அந்தரங்க வீடியோக்களை 48 மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து நீக்க வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். ஆண் போலீஸார் இருக்கும்போதே அந்தப் பெண்ணை வீடியோவைப் பார்க்க வைத்ததையும், எஃப்.ஐ.ஆரில் அவர் பெயர் வந்ததையும் கண்டித்தார். சட்டம் தெரிந்த பெண்ணுக்கே அந்த நிலைமை. அண்ணனுக்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். வக்கீல் அக்கா, உங்களை எனக்குத் தந்தது 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும். பெண் என்றாலோ, ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர் என்றாலோ இலவச வக்கீலுக்கு வருமானம் பார்ப்பதில்லை, 1987லேயே சட்டம் வந்துவிட்டது. "வெளியே போய் வாய் திறந்தால் விபச்சாரக் கேஸ் உன் மேல்தான் விழும்" என்று அந்த வீட்டுக்காரர்கள் சொன்னதைத்தான் நான் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவைத் திறந்து 143ஆம் பிரிவைப் படித்துக் காட்டினீர்கள். ஆசை காட்டி அழைத்துப் போவதும் கடத்தல்தான், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்வியே அங்கே எழாது. குறைந்தது ஏழு ஆண்டு, ஒருவருக்கு மேல் கடத்தியிருந்தால் பத்து ஆண்டு முதல் ஆயுள்வரை. என்னோடு அங்கே வேறு பெண்களும் இருந்தார்கள்.

எங்கே நடந்திருந்தாலும் இங்கே பதியலாம் என்று ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்ட ஏட்டம்மாவுக்கு, பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிட்டதும் இடம் தந்து, மாற்று நைட்டியும் இட்லியும் தந்த சகி மையத்து (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு மையம்) அக்காக்களுக்கு, சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு நான் அழுதுகொண்டே பேசியதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்ட குரலுக்கு நன்றி. சம்மதமில்லாமல் பரவும் அந்தரங்கப் படங்களைத் தடுக்கும் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. தளத்தைக் காட்டிய சித்தி மகளுக்கும்தான். அதில் படம் நம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்துக்கொண்டு, அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படம் ஏறவிடாமல் தடுக்கின்றன. எல்லாத் தளங்களும் சேரவில்லை, அது ஒரு குறை. ஆனாலும் யாரும் பார்க்காமலே தடுக்க முடிகிறதே! அம்மா, உனக்கு நன்றி சொன்னால் திட்டுவாய். விடு.

இங்கே என் பெயரை எழுதவில்லை, ஊரையும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் கருத்தில் போட்டுவிடாதீர்கள். வழக்கில் பாலியல் வன்கொடுமைப் பிரிவும் இருக்கிறது. என் அடையாளத்தை வெளியிட்டால் அதே சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு, வாழ்த்துச் சொல்லப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இழப்பீட்டுப் பணத்தில் முதல் செலவை முடிவு செய்துவிட்டேன். ஒரு பிரிண்டர் வாங்கி சகி மையத்தில் வைக்கப் போகிறேன், கதவு மூடும் அறையில். புகாருக்கு அச்செடுக்க வரும் பெண்கள் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். தாளும் மையும் என் செலவு. அனுமதி கேட்டு மனு கொடுத்தாயிற்று. கலர் பிரிண்டரில் எது நன்றாக உழைக்கும், எதற்கு மை மலிவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.