பிளே-ஆஃப் சரி, பயணம்தான் அநியாயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நம் ஊர் கால்பந்து அல்ல, ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃப் 12 அணிகளாக விரிந்ததும் போட்டியின் சுவையே போய்விட்டது என்று புலம்புபவர்கள் 2024 பருவத்தை இன்னொரு முறை பார்க்கட்டும். கடைசி லீக் ஆட்டத்தில் மிச்சிகனிடம் 13-10 எனச் சொந்த மண்ணில் தோற்ற ஒகாயோ ஸ்டேட்தான், ஜனவரியில் நோட்ர டேம் அணியை 34-23 என வென்று பட்டம் தூக்கியது. பழைய நான்கு அணி முறையில் அதற்கு இடமே கிடைத்திருக்காது.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. முதல் சுற்றில் ஆடாமலே காலிறுதிக்குப் போகும் விலக்கு, மாநாட்டுச் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) சாம்பியன்களில் நால்வருக்கு மட்டும் என்று அப்போது விதி. அதனால் தேர்வுக்குழு 9, 12ஆம் இடங்களில் வைத்திருந்த பாய்ஸி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் அணிகள் உட்கார்ந்தபடியே காலிறுதிக்குப் போயின. முதலிடத்து ஓரிகனுக்கோ காலிறுதியில் பரிசாக வந்தது ஒகாயோ ஸ்டேட்! மூன்று வாரத்துக்கு மேல் ஆடாமலிருந்த ஓரிகன், இரண்டாம் கால்பகுதியிலேயே 0-34 எனப் பின்தங்கியது. விலக்கு பெற்ற நான்கு அணிகளுமே தோற்றன. 2025இல் தரவரிசைப்படியே விலக்கு என்று மாற்றியது நல்ல காரியம்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு வருமானத்தில் 2025-26இல் 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம் என்ற நீதிமன்ற ஒப்பந்தமும் நியாயமே. ஆனால் அதோடு வந்த, கால்பந்து அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பு, உதவித்தொகையின்றிப் பயிற்சியில் அடி வாங்கும் மாணவர்களைத்தான் முதலில் வெளியேற்றும்.

இதைவிட அநியாயம் பயணம். மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட், கிழக்கே அட்லாண்டிக் கடற்கரை மாநாட்டில்! தொலைக்காட்சிப் பணத்துக்காகக் கால்பந்து அணி கண்டம் தாண்டட்டும். அதே மாநாட்டில் ஆடும் வாலிபால் பெண்களை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? மற்ற விளையாட்டுகளைப் பக்கத்துக் கல்லூரிகளோடு ஆட விடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொலம்பஸ், ஒகாயோ