லேக் சிம்கோவுக்கு தட்டை அடி போட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சமர் வருது, குடும்பத்தோட மீன்பிடிக்கப் போக சின்ன அலுமினியம் போட் ஒண்டு எப்பிடித் தெரிவு செய்யிறது எண்டு போன கிழமை உங்கட பத்திரிகையில ஒரு கட்டுரை வந்தது. அதில அடிப்பக்கம் தட்டையான 12 அடி நீள ஜோன் போட்டையும், அடிப்பக்கம் வி எழுத்து மாதிரிக் கூரான 14 அடி நீள வி அடி போட்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, விலை குறைவு, பாரம் குறைவு, எழும்பி நிண்டாலும் ஆடாது எண்டு சொல்லி, புதுசா தொடங்குற ஆக்களுக்கு ஜோன் போட் தான் நல்லம் எண்டு முடிச்சிருந்தது. எழுதினவர் நல்ல மனசோட தான் எழுதியிருக்கிறார், ஆனா எந்தத் தண்ணியில விடப்போறீங்கள் எண்ட கேள்வி கட்டுரை முழுக்க ஒரு இடத்திலயும் வரேல்லை, அதால தான் இந்தக் கடிதம்.

இங்க கனடாவில, ரொறன்ரோவைச் சுத்தி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் இருக்கிற எங்கட சனம் மீனுக்குப் போற இடங்களைப் பாருங்கோ, ஸ்கூகொக், ரைஸ் லேக், சிம்கோ, பெரும்பாலும் இந்த மூண்டு லேக்கும் தான். ஸ்கூகொக்கின்ர சராசரி ஆழம் 1.4 மீட்டர், பாசி நிறைஞ்ச லேக், அங்க தட்டை அடி போட் தான் வசதி, கொஞ்சத் தண்ணியிலயும் ஓடும், எஞ்சினைத் தூக்கி வைச்சிட்டு துடுப்பால தள்ளிக்கொண்டு போகலாம், அதில எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சிம்கோ அப்பிடி இல்லை. 722 சதுர கிலோமீட்டர், பரி நகரப் பக்கம் கெம்பன்ஃபெல்ட் குடாவில 40 மீட்டர் ஆழம். எங்கட ஆக்கள் போட் இறக்குற ஜக்சன்ஸ் பொயின்ட், சிபால்ட் பொயின்ட் எல்லாம் தெற்குக் கரைப்பக்கம், வடமேற்கால காத்து எழும்பினா லேக் முழுக்கத் தாண்டி ஓடிவாற அலை அந்தக் கரையில தான் வந்து அடிக்கும். காலமை ஆறு மணிக்கு அசையாமல் கிடந்த தண்ணி மத்தியானம் ரெண்டு மூண்டு அடி அலையோட நிக்கும், அதுவும் கடல் அலை மாதிரி நீளமா ஏறி இறங்குறதில்லை, கிட்டக்கிட்ட குத்தென்று வரும், ஒண்டில இருந்து நிமிர முதல் அடுத்தது வந்திடும். ரைஸ் லேக்கும் லேசான தண்ணியில்லை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு தென்மேற்கில இருந்து வடகிழக்கா நீண்டு கிடக்குது, காத்து அந்த நீளத்தோட அடிச்சா ஆழமில்லாத தண்ணி கெதியா எழும்பும்.

இனி அந்த "ஆடாது" எண்ட கதைக்கு வாறன், ஏனெண்டா கனபேர் கடையில போட்டுக்குள்ள ஏறி நிண்டு பாத்து இதை நம்பித்தான் காசு குடுக்கினம். தட்டை அடி தண்ணியில அகலமா இருக்கிறதால நிக்கேக்க ஆடாது தான், அது உண்மை, ஆனா அதே காரணத்தால அலை சரிஞ்சா போட்டும் அலையோடயே சரியும், அதுக்கு மேல அணியம், அதாவது முன்பக்கம், சதுரம், பக்கங்களும் பதிவு எண்டபடியால் அலையின்ர இறக்கத்தில மூக்கு குத்தினா தண்ணி நேர உள்ள வரும். வி அடி போட் ஏறின உடன ஒரு பக்கம் சரியுற மாதிரி இருக்கும், புது ஆக்கள் பயப்பிடுவினம், ஆனா கொஞ்சம் சரிஞ்ச பிறகு அந்தப் பக்கம் இறுகிப் பிடிக்கும், அணியம் உயர்ந்து கூரா இருக்கிறதால அலையை வெட்டிக்கொண்டு போகும், தெறிக்கிற தண்ணியும் வெளியில போகும். ஊரில தொழிலுக்குப் போன ஆக்களுக்கு இது நான் சொல்லித் தெரியத் தேவையில்லை, பரவைக்கடலுக்குள்ள இறாலுக்குப் போறது ஒரு வள்ளம், ஆழக்கடலுக்குப் போறது வேற வள்ளம், ஒண்டை மற்ற இடத்துக்கு ஆரும் கொண்டுபோகமாட்டினம். அந்த அறிவு எங்களிட்ட இருக்கேக்க இங்க வந்து விலையை மட்டும் பாத்து ஏன் தெரிவு செய்யவேணும்?

மற்றது பாரம். ஜோன் போட்டுக்கு 1236, 1436 எண்டு நம்பர் போட்டிருக்கும், முதல் ரெண்டு இலக்கம் நீளம் அடியில, பின் ரெண்டும் அடிப்பக்கத்தின்ர அகலம் அங்குலத்தில. 36 அங்குலம் எண்டா மூண்டு அடி, அவ்வளவுக்குள்ள தான் எல்லாரும். போட்டில ஒட்டியிருக்கிற கொள்ளளவு பிளேட்டில எத்தினை பேர், எவ்வளவு பாரம், எத்தினை குதிரைவலு எண்டு இருக்கும், அந்தப் பாரத்துக்குள்ள எஞ்சினும் அடக்கம் எண்டது கனபேருக்குத் தெரியாது. 15 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 45 தொடக்கம் 50 கிலோ வரும், 12 லீற்றர் பெற்றோல் ஒரு 9 கிலோ, பற்றரி ஒரு 20 கிலோ, பிறகு நங்கூரம், ஐஸ் பெட்டி, சோத்துப் பார்சல், எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா 12 அடி போட்டில அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளையள் எண்டு நாலு பேர் போறது சரிவராது. பிளேட்டில மூண்டு எண்டு போட்டிருந்தா மூண்டு தான், சின்னப் பிள்ளை தானே எண்டு ஒராளைக் கூட ஏத்தாதேங்கோ.

எஞ்சின் விஷயத்தில 9.9 குதிரைவலு தான் எடுக்கோணும், அதுக்கு லைசென்ஸ் தேவையில்லை எண்டு அந்தக் கட்டுரையில இருந்தது, அதில பாதி தான் சரி. 10 குதிரைவலுவும் அதுக்கு மேலயும் எண்டா போட்டுக்கு லைசென்ஸ் எடுத்து அணியத்தின்ர ரெண்டு பக்கமும் நம்பர் ஒட்டவேணும், 9.9 எண்டா அது தேவையில்லை. ஆனா ஓட்டுற ஆளுக்கு ஒப்பரேட்டர் கார்ட் வேணும், அது 2009 செப்டெம்பரில இருந்து எல்லாருக்கும் கட்டாயம், சின்ன எலக்ட்ரிக் மோட்டர் பூட்டினாலும் வேணும். ஒருக்கா சோதினை எழுதினா சீவிய காலத்துக்கும் செல்லும். போட் லைசென்ஸ் எடுக்கிறது பெரிய வேலையில்லை, அதுக்குப் பஞ்சிப்பட்டு 14 அடி வி போட்டுக்கு 9.9 பூட்டாதேங்கோ, மூண்டு பேர் ஏறினா அது மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணியை உழுதுகொண்டு தான் போகும், மேற்கில கறுப்பா முகில் கட்டேக்க கரைக்கு வர நேரம் காணாது. பிளேட்டில அவ்வளவுக்கு இடம் குடுத்திருந்தா 15 அல்லது 20 குதிரைவலு போடுங்கோ, கனக்க கொம்பனியளில அந்த ரெண்டும் ஒரே எஞ்சின் உடம்பு தான், பாரத்தில வித்தியாசம் பெரிசா இல்லை.

காசு பிரச்சினை எண்டது எனக்கு விளங்குது, புதுசு எல்லாராலயும் வேண்ட ஏலாது. அப்ப புது ஜோன் போட்டுக்குக் குடுக்கிற காசுக்கு பழைய 14 அடி வி போட் ஒண்டைத் தேடுங்கோ, பிரின்ஸ்கிராஃப்ட், லண்ட் எண்டு இருபது முப்பது வருசப் பழசு இன்னும் நல்லா ஓடுது. பாக்கேக்க முதல் பாக்க வேண்டியது எஞ்சின் பூட்டுற பின்பலகை. வெளியில அலுமினியம் மினுங்கும், உள்ள பிளைவுட் உக்கிப் போயிருக்கும். எஞ்சினின்ர கீழ்ப்பக்கத்தைப் பிடிச்சு மேல கீழ அசைச்சுப் பாருங்கோ, பலகை வளைஞ்சு குடுத்தா விட்டிட்டு வாங்கோ. ஆராவது பலகை மாத்தியிருந்தா என்ன மரம் எண்டு கேளுங்கோ, டெக் அடிக்கிற பிரெஷர் ட்ரீட்டட் மரத்தில செம்பு இருக்கு, அது ஈரத்தோட அலுமினியத்தை அரிச்சுத் தின்னும். ரிவெட் அடிச்ச போட்டெண்டா ட்ரெய்லரில வைச்சு உள்ளுக்கு கொஞ்சம் தண்ணி விட்டு கீழ குனிஞ்சு பாருங்கோ, எந்த ரிவெட்டால ஒழுகுது எண்டு தெரியும். ஒண்டு ரெண்டு ஒழுகினா திருத்தலாம். வெல்டிங் போட்டில ஒட்டின இடத்தோட வெடிப்பு இருந்தா அது வேற கதை, அதை எடுக்காதேங்கோ. சீற்றுக்குக் கீழ இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருந்தா போட் பாரமாயும் இருக்கும், கவிண்டா மிதக்கவும் மாட்டுது. எஞ்சினின்ர தண்டு 15 அங்குலமா 20 அங்குலமா எண்டு அளந்து பின்பலகை உயரத்தோட பொருத்திப் பாருங்கோ, கட்டை எஞ்சினை உயரப் பலகையில பூட்டினா அலையில காத்தைப் பிடிச்சு சும்மா உறுமும், தள்ளாது.

கடைசியா ஒண்டு, இதை எழுதேக்க மனம் பதறுது. ரைஸ் லேக்கில வொல்லாய் மீன் சீசன் மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை திறக்கும், அண்டைக்கு வெயில் எறிக்கும், ஆனா தண்ணி இன்னும் குளிர். மனிற்றோபா பல்கலைக்கழகத்தில குளிர் தண்ணியை ஆராய்ஞ்ச கோர்டன் கீஸ்பிரெக்ட் 1, 10, 1 எண்டு சொல்லுறவர், விழுந்தா மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிசம், கை கால் சொல்வழி கேக்கிறது 10 நிமிசம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். அந்த முதல் நிமிசத்தில லைஃப் ஜாக்கெட் உடம்பில இருக்கவேணும், சீற்றுக்குக் கீழ கிடந்து பிரயோசனம் இல்லை. சட்டம் ஆளுக்கு ஒண்டு போட்டில இருந்தாக் காணும் எண்டு தான் சொல்லுது, நீங்கள் போட்டுக்கொண்டே போங்கோ. எஞ்சினை நிப்பாட்டுற அந்த சிவப்பு வயரையும் கையிலயோ ஜாக்கெட்டிலயோ கொழுவுங்கோ, ஓட்டுறவர் விழுந்தா ஆளில்லாத போட் அவரையே சுத்தி வரும்.

ஆசிரியர் ஐயா, உங்கட பத்திரிகையை எங்கட கடையள், கோயிலுகள் எல்லா இடமும் சனம் எடுத்து வாசிக்குது. மே மாசத்துக்கு முதல் கொள்ளளவு பிளேட்டின்ர படம் ஒண்டைப் போட்டு, அதில இருக்கிற ஒவ்வொரு வரியும் என்னத்தைச் சொல்லுது எண்டு தமிழில ஒரு அரைப் பக்கம் போடுங்கோ. அதோட ஒப்பரேட்டர் கார்ட் சோதினையைப் பற்றியும் எழுதுங்கோ. போன கிழமைக் கட்டுரையை வாசிச்சிட்டு இந்தக் கிழமை போட் பாக்க வெளிக்கிடுற ஆக்கள் இருப்பினம், இந்தக் கடிதத்தை வாற இதழிலயே போட்டீங்கள் எண்டா பெரிய உதவி.

இப்படிக்கு,
ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகர்