கை தூக்காமல் நீங்கள் போட்ட ‘இல்லை’ ஓட்டு

அமெரிக்காவில் எங்கள் பல்கலைக்கழக செனட்டில், அதாவது முடிவெடுக்கும் ஆசிரியர் மன்றத்தில், ஓட்டு உள்ள தமிழர்களான பேராசிரியர்களுக்கு,

சார், மேடம், வணக்கம். போன செனட் கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். வருட ஒப்பந்தத்தில் பாடம் நடத்தும் லெக்சரர்களுக்கும் செனட்டில் ஓட்டு தர வேண்டும் என்ற பைலா (செனட்டின் உள்விதி) திருத்தம். அது நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வந்திருந்தவர்கள் 66 பேர். ஆதரவு 41, எதிர்ப்பு 15. மீதி 10 பேர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை, அந்தப் பத்தில் நீங்களும் உண்டு. திருத்தம் தோற்றுப்போனது.

“நாங்க எதிர்த்துப் போடலையே, அப்ஸ்டெயின்தானே பண்ணினோம்” என்று உங்களில் ஒருவர் வராந்தாவில் என்னிடம் சொன்னார். அவர் மனதில் கள்ளம் இல்லை என்று தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நடைமுறைக்கு வைத்துக்கொள்வது 1876-இல் ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் கூட்டங்களுக்காக எழுதிய விதிநூலைத்தான். அதன்படி மூன்றில் இரண்டு பங்கு என்றால் விழுந்த ஓட்டில் மூன்றில் இரண்டு, கை தூக்காதவர் கணக்கிலேயே வரமாட்டார். அப்படி எண்ணியிருந்தால் 56-க்கு 41, தாராளமாக நிறைவேறியிருக்கும். ஆனால் பைலா வேறு மாதிரி சொன்னால் பைலா சொல்வதுதான் செல்லும், ராபர்ட் விதி அதற்கு அப்புறம்தான். நம் பைலாவில் இருப்பது “வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு”. அதனால் 44 வேண்டியிருந்தது, மூன்று குறைந்தது. சும்மா உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ‘இல்லை’ என்று ஓட்டுப் போட்டதற்குச் சமம். உங்களில் ஐந்து பேர் அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போயிருந்தால்கூட வந்திருப்போர் 61 ஆகி, அதே 41 ஓட்டில் திருத்தம் நிறைவேறியிருக்கும். அடுத்த முறை தயவுசெய்து கை தூக்குங்கள். ஆம் என்றோ இல்லை என்றோ, எதற்காவது தூக்குங்கள்.

அன்றைக்குச் சுவரோரம் பார்வையாளர் நாற்காலியில் ஒரு லெக்சரர் உட்கார்ந்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? முதலாண்டு கால்குலஸில் நாலு செக்‌ஷன் எடுப்பவர். அந்த வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கையை 40-இலிருந்து 60 ஆக்கியதும் இதே செனட்தான். அந்த ஓட்டெடுப்பில் கால்குலஸ் முதல் வகுப்பு எடுக்கும் ஒருவருக்குக்கூட ஓட்டு இல்லை. தலைவர் அனுமதித்த இரண்டு நிமிடத்தில், விடைத்தாளில் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தப்பு எங்கே என்று எழுதிக் கொடுப்பதை எப்படி நிறுத்த வேண்டிவந்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது விடை சரியா தப்பா என்று மட்டும்தான் குறிக்கிறாராம். அவர் பேசி முடிக்கும் முன்பே மணி அடித்தார்கள். உங்களில் இருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். பொங்கல் விழா மேடையில் உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி, பராந்தக சோழன் காலத்துக் குடவோலையைப் பற்றி நீங்கள் பேசி நான் கைதட்டியிருக்கிறேன். அந்தக் கல்வெட்டிலேயே, வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயர்தானே குடத்துக்குள் போனது? இங்கே அந்த நிலத்தின் இடத்தில் டென்யூர், அதாவது நிரந்தரப் பணி, இருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்தும் உழைக்கிறவன் சுவரோரம் நின்றால், அந்தப் பெருமையை மேடையில் பேசி என்ன பயன்? நமக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்கும் பழக்கத்தையும் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. டீனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறீர்கள். டென்யூர் உள்ள உங்களுக்கே அந்தப் பயம் என்றால், மே மாதம் ஒப்பந்தம் முடிகிற எங்களுக்கு எவ்வளவு இருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோற்ற தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்கச் சொல்லும் உரிமை ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவருக்குத்தான், அதுவும் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் புதிதாக நோட்டீஸ் கொடுத்து அதே திருத்தத்தை மறுபடி கொண்டுவரத் தடை இல்லை. அடுத்த கூட்டத்தில் நோட்டீஸ், அதற்கடுத்த கூட்டத்தில் ஓட்டு. செனட் உறுப்பினர்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும் என்பதால் உங்களில் ஒருவர் முன்வர வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வாசகம் எழுதித் தர நான் தயார். கூடவே “வந்திருப்போரில்” என்பதை “வந்து ஓட்டளிப்போரில்” என்று மாற்றவும் ஒரு நோட்டீஸ் கொடுங்கள். அதற்கும் இப்போதுள்ள விதிப்படி வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஆகவே அன்றைக்கும் உங்கள் கை தேவை.

எங்களுக்கு ஓட்டு கூடாது என்பதுதான் உங்கள் கருத்து என்றால், எழுந்து அதைச் சொல்லி ‘இல்லை’ என்றே கை தூக்குங்கள். உங்களோடு வாதாடவாவது எங்களுக்கு ஒரு வழி கிடைக்கும்.

மரியாதையுடன்,
உங்கள் கணிதத் துறை லெக்சரர் ஒருவர்