பொருள்: மாடி வைத்த கினி பிக் கூண்டு செட் – பணத்தைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோரி

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ‘வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் இரண்டடுக்கு கினி பிக் கூண்டு’ என்று உங்கள் தளத்தில் விற்கும் செட்டை ரூ. 5,499 கொடுத்து வாங்கினேன். பில், படங்கள், கால்நடை மருத்துவரின் சீட்டு எல்லாம் இத்துடன் இருக்கின்றன. உங்கள் சாட் ஆட்களிடம் பேசிப் பார்த்ததில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாய்வுப் பலகை. நீங்கள் தரும் கம்பி பேனல் ஒவ்வொன்றும் 14 அங்குலம். மாடி சரியாக ஒரு பேனல் உயரத்தில் உட்கார்கிறது. அதற்கு ஏற நீங்கள் கொடுத்திருப்பது 18 அங்குலப் பலகை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பது டிகிரிக்கு மேல் வரும். கினி பிக்குகளுக்கு முப்பது டிகிரிக்குள் இருந்தால்தான் சரிப்படும். இதே உயரத்துக்கு அந்தச் சாய்வு வேண்டுமானால் பலகை 28 அங்குலமாவது இருக்க வேண்டும். அவ்வளவு நீளப் பலகையை உங்கள் கூண்டுக்குள் வைத்தால் அப்புறம் அவை நடக்க இடம் ஏது? ஆக, இந்த அளவுக் கூண்டுக்கு இந்த உயர மாடியே பொருந்தாது. வரைபடம் போட்டவர் கினி பிக்கை ஒருமுறையாவது பார்த்தாரா என்று தெரியவில்லை. பூனைக்கோ முயலுக்கோ போட்ட வரைபடத்தில் பெயரை மட்டும் மாற்றியது போல இருக்கிறது.

என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். எங்களிடம் இருப்பவை இரண்டு பெண் கினி பிக்குகள். பெரியது கொத்தமல்லி வாசனைக்குப் பாதிப் பலகை வரை ஏறி, அங்கேயே வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டது. மேலேயும் போகவில்லை, திரும்பவும் தெரியவில்லை. நகம் வழுக்கி வழுக்கிப் பின்னோக்கிச் சரிந்து வந்தது. பலகையில் பிடிமானத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம்கூட இல்லை. சிறியது எப்படியோ மேலே போய்விட்டது. மாடி விளிம்பில் தடுப்பு இல்லாததால் அங்கிருந்து நேராகக் கீழே விழுந்தது. இந்தப் பிராணிகளுக்கு உயரத்தைக் கண்ணால் கணிக்க வராது, விளிம்பு என்று தெரியாமலே காலை எடுத்து வைத்துவிடும். எலும்பு முறியவில்லை, சுளுக்கு என்றார் மருத்துவர். சில நாள் அது பின்காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தது.

இதைச் சொன்னதற்கு உங்கள் சாட்டில் வந்த பதில்: “செல்லப் பிராணி புதிய வீட்டுக்குப் பழக வேண்டும், மாடியில் தின்பண்டம் வைத்துப் பாருங்கள்.” விழுந்து அடிபட்டதை மறுபடி மேலே ஏற்றச் சொல்லும் ஆலோசனை இது.

அடுத்து மாடிப் பலகை. ‘நீர் புகாத ப்ளைவுட்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஓரத்தில் சிறுநீர் பட்ட இடமெல்லாம் உப்பி, மேலே ஒட்டியிருந்த மர டிசைன் தாள் சுருண்டு எழுந்துவிட்டது. விரலால் தேய்த்தால் ஈரத் தூளாக உதிர்கிறது. எங்கள் கார்பெண்டர் ஒரு முனையை உடைத்துப் பார்த்துவிட்டு, “இது ப்ளையே இல்ல சார், தூளை அமுக்கி ஒட்டின பலகை” என்றார். நீர் தாங்கும் ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 710 போன்ற இந்தியத் தர முத்திரை இருக்கும். இதில் எந்த முத்திரையும் இல்லை. கினி பிக்கின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், கிடைத்ததையெல்லாம் கடிக்கும். பசை கலந்த இந்தத் தூளைத்தான் அவை கொறித்துக்கொண்டிருந்தன.

இட அளவு விஷயமும் இருக்கிறது. ‘11 சதுர அடி’ என்கிறீர்கள். தரை 28க்கு 42 அங்குலம், அதாவது எட்டு சதுர அடியும் கொஞ்சமும். மீதியை மாடியின் பரப்பைக் கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள். கினி பிக் சமதரையில் ஓடித் திரியும் பிராணி. அதனால் வளர்ப்பவர்கள் தரையை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். கம்பி இடைவெளியும் இரண்டு அங்குலம் இருக்கிறது. ஒன்றரைக்கு மேல் போனால் குட்டியின் தலை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். குட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் இது பெரிய ஆபத்து.

கூடவே இலவசமாக ஒரு ரோமப் படுக்கை, ‘குளிருக்கு இதமானது’ என்று. சென்னை மே மாதத்தில்! இவற்றுக்கு 26, 27 டிகிரியைத் தாண்டினாலே கஷ்டம். நாங்கள் டைல்ஸ் துண்டு போட்டு அதன்மேல் படுக்க வைக்கிறோம்.

உங்கள் டிசைன் குழுவுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். கினி பிக்குக்கு மாடி முதலில் ஒரு கூரை. வேட்டையாடப்படும் பிராணி அது, இருட்டான மூலையில்தான் நிம்மதியாக இருக்கும். உங்கள் மாடிக்கடியில் நாலு பக்கமும் வெளிச்சம், ஒளிய இடமில்லை. இப்போது நாங்களே ஒன்று செய்திருக்கிறோம். பழைய மர ஸ்டூலின் காலை எட்டு அங்குலத்துக்கு அறுத்து, முன்பக்கம் பழைய பருத்திப் போர்வையைக் கீறித் திரைபோலத் தொங்கவிட்டோம். மேலே சன்பேக் ஷீட்டை (விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் அட்டை) மடித்து நாலு அங்குலத் தடுப்பு, ஏற இரண்டடிப் பலகையில் சணல் மிதியடி. பெரியது அதில் சாதாரணமாக ஏறி இறங்குகிறது. இரண்டும் பகலில் கிடப்பதென்னவோ அந்தத் திரைக்குப் பின்னால்தான். செலவு உங்கள் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

‘கட்டிமுடித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள் உங்கள் ஆட்கள். கட்டாமல் சாய்வு எப்படித் தெரியும்? நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைப்பதும் உங்கள் பொறுப்பு.

நான் கேட்பது இவ்வளவுதான். முழுத் தொகையையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தாருங்கள். பலகை என்ன பொருள், தரை அளவு எவ்வளவு, மாடி எவ்வளவு உயரம் என்பதை உள்ளபடி போடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, மாடியைக் கழற்றிவிட்டுத் தரையை மட்டும் பயன்படுத்தச் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பணத்தைவிட இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு அவசரம்.

கெடுவுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் அங்கே கட்டணமும் கிடையாது.

செட்டைப் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறேன், உப்பிய பலகை உட்பட. எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது முதல் நாளே போனில் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், சென்னை