கழற்றி எறிவது வீண்செலவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விமானக் கட்டணம் பற்றிய கட்டுரையில், 'நல்ல நிலையில் உள்ள பாகங்களையும் ஆயுள் முடிந்ததென்று கழற்றி எறிவதால்தான் டிக்கெட் விலை ஏறுகிறது' என்று ஒரு வரி. வேலைக்காலம் முழுவதையும் ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில், கழித்தவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

என்ஜினுக்குள் தகடுகளைத் தாங்கிச் சுழலும் உலோகச் சக்கரமான டிஸ்கின் ஆயுளை சைக்கிளில் எண்ணுவார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. விமானம் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். இத்தனை சைக்கிளுக்கு மேல் ஓடக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு முறையும் அது முழு வேகத்தில் சுழன்று இழுபட்டு, பிறகு தளர்கிறது. எங்கோ ஒரு துளையோரம் மயிரிழை விரிசல் தொடங்கும். மேலே பளபளப்பு குறையாது. வரம்பை எட்டிய டிஸ்குகளை, திரும்ப யாரும் மாட்டிவிடாதபடி அறுத்துப் போட்டிருக்கிறோம். பார்வைக்குப் புதிதாகத்தான் இருந்தன. 'இன்னும் கொஞ்சநாள் ஓடாதா?' என்று கேட்ட மேலாளரிடம் கையெழுத்துப் போட மறுத்தேன். அதற்குக் கிடைத்தது மாதக்கணக்கில் இரவுப்பணி.

1989இல் யுனைடெட் 232 விமானத்தின் வால் என்ஜினில் விசிறி டிஸ்க் சிதறியது. அதற்கு வரம்பு 18,000 சைக்கிள், உடைந்தது 15,503இல். தயாரிப்பின்போதே டைட்டானியத்தில் இருந்த குறையிலிருந்து வளர்ந்த விரிசலைச் சோதனையில் தவறவிட்டிருந்தார்கள். 112 உயிர்கள் போயின. வரம்புக்குள்ளேயே இப்படி நடக்கும்போது, வரம்பையே வீண் என்பவரிடம் நான் எதைச் சொல்வது?

இது முதல் தடவையும் அல்ல. விமானம் தாமதமானால் 'இயந்திரக் கோளாறு, பயணிகள் அவதி' என்று தலைப்புப் போடுகிறீர்கள். பாகத்தைக் கழற்றி வைத்து விமானத்தை நிறுத்தியவன்மேல்தான் பழி. அவன் நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன தலைப்பு வந்திருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. இன்னொரு இதழில் 'இருபது வருடப் பழைய விமானம்' என்று பயமுறுத்தினீர்கள். 1988இல் நடுவானில் கூரை பிய்ந்துபோன அலோஹா 243 விமானத்துக்கு வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு குறும்பயணமாக 89,680 முறை பறந்திருந்தது. வருடத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று விளக்கி எழுதினேன். தாங்கள் வெளியிடவில்லை. வருத்தம்தான்.

அலாஸ்கா 261 விமானத்தின் கதையும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். கிரீஸ் போடும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போனார்கள். வால்பகுதித் திருகில் மரை தேய்ந்துபோய், 2000 ஜனவரியில் 88 பேருடன் கடலில் விழுந்தது. அந்த கிரீஸும் யாரோ ஒருவர் கண்ணுக்கு மிச்சம் பிடிக்கக்கூடிய செலவாகத்தான் பட்டிருக்கும்.

கட்டுரை முழுவதையும் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும், அடுத்த இதழில், அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்