ராத்திரி எங்கே தங்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி வந்தால் தியாகராய நகரில் எவ்வளவு கூட்டம், எந்தக் கடையில் என்ன தள்ளுபடி என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அங்கே நின்று புடவை விரித்துக் காட்டும் பெண்கள் கடை அடைத்த பிறகு எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்று அநேகமாக யாரும் எழுதுவதில்லை. 2003 முதல் ஐந்தரை ஆண்டுகள் அந்தப் பெண்களில் ஒருத்தியாக இருந்தவள் நான்.

எங்கள் ஊர் திசையன்விளைக்குப் பக்கம். கடைக்கு ஆள் சேர்க்க வந்தவரிடம் அப்பா சம்பளத்தை இரண்டாவதாகத்தான் கேட்டார். முதலில் கேட்டது, "பிள்ளை ராத்திரி எங்கே தங்கும்?" என்பது. "கடையே இடம் கொடுக்கும், சாப்பாடும் கொடுக்கும், வெளியே விட மாட்டார்கள்" என்றார் வந்தவர். அந்தக் கடைசி வார்த்தையில்தான் அப்பாவுக்கு நிம்மதி வந்தது. கடை இடம் தராவிட்டால் நான் சென்னையையே பார்த்திருக்க மாட்டேன். தங்கையின் கல்யாணமும் எங்கள் வீட்டுக் காங்கிரீட் கூரையும் அந்தச் சம்பளத்தில் வந்தவை. ஆகவே கடை விடுதிகளை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் விடுதி. ஒரே கூடம், நாற்பத்திரண்டு பேர். கட்டில் கிடையாது. ஆளுக்கு ஒரு பாய், சுவரோரம் ஒரு தகரப் பெட்டி, அதில் பெயிண்டால் எழுதிய எண். என்னுடையது 27. கழிப்பறை மூன்று. காலை நாலரைக்கே வாளியோடு வரிசையில் நின்றால்தான் ஒன்பது மணிக்குப் பூ வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்க முடியும். இரவு பத்தரைக்குத் திரும்பி, ஆறிப்போன சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொண்டையை அவிழ்த்தால், காலையில் குளித்த ஈரம் அடிமுடியில் அப்படியே இருக்கும். தீபாவளி மாதத்தில் அதே கூடத்துக்கு இன்னும் பதினைந்து பேர் வருவார்கள். அப்போது ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், நீட்ட இடம் இருக்காது.

இந்த நெருக்கடியைக் கூட நான் மன்னித்துவிடுவேன். 2006ஆம் ஆண்டு நடந்த ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. என் பக்கத்துப் பாயில் படுக்கும் பெண், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, வயது பத்தொன்பது. சூப்பர்வைசர் கை வைத்ததற்குக் கவுன்டரிலேயே சத்தம் போட்டுவிட்டாள். அன்று இரவு ஒன்பதரைக்கு அவளைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்தார்கள். நாங்கள் விடுதிக்குத் திரும்பியபோது அவள் பெட்டி படிக்கட்டில் இருந்தது. வேலையில் இல்லாதவள் கூடத்தில் படுக்கக் கூடாது என்றார் வார்டன். பாவம், அவருக்கும் அதே கடைதான் சோறு போட்டது. பாக்கிச் சம்பளம் மணியார்டரில் வரும் என்றார்கள். நாங்கள் கையில் இருந்ததைப் போட்டு முந்நூற்று நாற்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம். அந்த இரவும் மறுநாள் பகலும் எழும்பூர் ரயில் நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்து மாலை வண்டியில் ஊருக்குப் போனாள். சூப்பர்வைசர் மறுநாளும் வேலைக்கு வந்தார். படிக்கட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்த நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட அதன் பிறகு அவரை எதிர்த்து வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன, அது இன்னும் என்னைக் குடைகிறது.

ஊரில் வேலை பார்க்கும் ஒருத்தி முதலாளியோடு சண்டை போட்டால் வேலை போகும், வீட்டுக்குப் போய் அழலாம். எங்களுக்கு அந்த வீடும் முதலாளியுடையது. சம்பளம் போதாது, மிகைநேரக் கூலி வரவில்லை, சாப்பாட்டில் புழு என்று எதைக் கேட்க நினைத்தாலும் முதலில் பாய் ஞாபகத்துக்கு வரும். எனக்குத் தெரிந்து சம்பளம் இத்தனை ஆண்டுகள் குறைவாகவே நின்றதற்கு இதுதான் பெரிய காரணம்.

"ஆயிரத்து ஐந்நூறு என்று மட்டும் பார்க்காதீர்கள், தங்குவதையும் சாப்பிடுவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்" என்பார் மேனேஜர். நாங்களும் சரிதானே என்று தலையாட்டுவோம். ஊருக்குத் திரும்பித் தையல் கடை வைத்த பிறகு ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், வீட்டு வசதி, விளக்கு, தண்ணீர் ஆகியவற்றின் மதிப்பு ஊதியத்தில் சேராது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. பாயைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க அவருக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. இதை எங்களில் ஒருத்தி அறிந்திருந்தால்கூட அன்று தலையாட்டியிருக்க மாட்டோம்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது. நான் வேலையை விட்ட ஆண்டில், 2008 செப்டம்பர் முதல் தேதி, ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பற்றியதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை எரிந்தபோதும் உள்ளே ஊழியர்கள் இருந்தார்கள், தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். கட்டடத்தையே பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத அந்த நேரத்தில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

பெண்கள் தங்கும் விடுதியை நடத்துபவர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கடைகள் நடத்தும் கூடங்களில் எத்தனை அந்த உரிமத்தோடு நடக்கின்றன என்பதை அரசு வெளியிட வேண்டும். பையன்களின் நிலை இதைவிட மோசம். அந்தச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமானது. கிடங்கிலும் மொட்டை மாடியிலும் படுக்கும் இளைஞர்களைப் பற்றிக் கேட்க அதில் இடமில்லை.

அரசால் முடியாத காரியமும் அல்ல இது. கடையில் ஊழியர் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தியது தமிழ்நாடு அரசுதான். செய்தியைப் படித்த அன்று நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. அதற்கு முன், 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் மருத்துவமனையில் கிடந்தபோது தொழிற்சாலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. கடைப் பெண்கள் பத்தும் இருபதுமாகச் சிதறிக் கிடப்பதால் அப்படி உட்கார முடிவதில்லை. தியாகராய நகரைச் சுற்றி, கடைச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில், எந்தக் கடையின் பிடியிலும் இல்லாத விடுதி ஒன்று வேண்டும். அது வரும்வரை, வேலையை விட்டு நிறுத்தினாலும் பாக்கி முழுவதும் கையில் கிடைத்துப் பதினைந்து நாள் ஆகும்வரை பெட்டியைத் தொடக் கூடாது என்று ஒரு விதியாவது போடுங்கள்.

போன வாரம் கோயில் கொடை முடிந்த கையோடு ஏஜென்ட் எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். "இடமும் கொடுக்கிறார்களாம் மதினி, அனுப்பட்டுமா?" என்று அவள் அம்மா என்னிடம் கேட்டாள். அனுப்ப வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் அன்று ராத்திரி பிள்ளை எங்கே தங்கும் என்று மட்டும் அவரிடம் கேட்டு வா என்றேன். கேட்டிருக்கிறாள். "அப்படியெல்லாம் ஒன்றும் வராது" என்றாராம். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கிளம்புகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திசையன்விளை வட்டாரம்.